மல்லிகாவின் குரலில் இல்லாத பிசிறு

பாட்டுப் பெட்டியின் கண்ணாடி வால்வ் சூடேறும்போது அதன் மேல் படிந்திருக்கும் தூசி லேசாகக் கருகும். அந்த வாசனை வந்தால் எங்கள் வீட்டில் பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். பிறகு பெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன வெளிச்சம்...

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டுப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன ஸ்டீரியோ செட் அது. ஒரு டேப் டெக், இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஸ்பீக்கர்களை முழங்க வைக்கும் ஒரு பவர் ஆம்ப். இவற்றுக்கு நடுவில் வால்வ் போட்ட ப்ரீஆம்ப். டேப்பிலிருந்து வருகிற மெல்லிய ஒலியைத் தூக்கிப் பவர் ஆம்ப்புக்கு அனுப்புகிற பெட்டி.

நான் அப்போது கல்லூரி பிசிக்ஸ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். என் தங்கை மல்லிகா பாடகி. அப்படித்தான் தெருவே சொல்லும்.

அந்த வருஷம் அவளுக்கு டைபாய்டு. மாதக்கணக்கில் பாடவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த சமயத்தில்தான் மெட்ராஸ் வானொலியில் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகையாக மூன்று பாட்டுகளை டேப்பில் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பமே உட்கார்ந்து கேட்டோம்.

முதல் பாட்டு அருமை. இரண்டாவதில், மேலே போகும் இடங்களில் ஒரு கரகரப்பு. மூன்றாவது பாட்டில்... தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி.

அப்பாதான் முதலில் பேசினார். "ஜுரம் தொண்டையை வாங்கிடுச்சும்மா. ஒரு பாட்டு தாங்குது. அதுக்கு மேல களைச்சிப் போவுது. இந்தத் தடவை வேணாம். அங்க போயி அவமானப்படணுமா?"

மல்லிகா அழவில்லை. "நான் போவலப்பா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பூக்கட்டும்போது, துணி மடிக்கும்போது எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பவள். வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அப்பா வெகுநேரம் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போனதும், செட்டை அணைக்காமல் மல்லிகாவின் டேப்பைப் போட்டேன். அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

முதல் பாட்டு. ஆரம்பத்திலிருந்தே கரகரப்பு!

ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்த அதே பாட்டு. அதே டேப். மனுஷித் தொண்டை களைக்கலாம்... டேப்பில் பதிந்த குரலுக்கு எப்படிக் களைப்பு வரும்? சூடேறச் சூடேறக் கெட்டுப்போவது செட்டுதான். நாதஸ்வரத்தின் உரத்த சத்தத்தில் அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குச் சந்தேகமே இல்லை.

காதை வைத்துப் பார்த்தேன். கரகரப்பு இடது ஸ்பீக்கரில்தான் ஜாஸ்தி. ப்ரீஆம்ப்பிலிருந்து வெளியே போகும் இரண்டு வயர்களையும் மாற்றிச் சொருகினேன். கரகரப்பு வலது பக்கம் போய்விட்டது. அப்படியானால் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை, பவர் ஆம்ப் மேலும் இல்லை. டேப் டெக்கிலிருந்து வரும் வயர்களை மாற்றினேன். கரகரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, கோளாறு ப்ரீஆம்ப்புக்குள்.

மறுநாள் லேபிலிருந்து மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றியதைப் பார்த்து அப்பா பதறினார்.

"அடியே, அதுல கைய வெக்காத! ஷாக் அடிச்சா தூக்கிப் போட்டுடும்!"

"தெரியும்பா. அதான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால வெச்சிருக்கேன். ஷாக் அடிச்சாலும் நெஞ்சு வழியாப் பாயாது."

வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தேன். கரகரப்பு நகரவில்லை. வால்வ் மேலும் தப்பில்லை. அடுத்தது கண்டென்சர். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டை மட்டும் விட்டு, கரண்ட்டைத் தடுத்து நிறுத்த வேண்டியது அதன் வேலை. சூடேறியதும் மீட்டர் முள் மெல்ல எழும்பியது. கரண்ட் கசிந்துகொண்டிருந்தது.

தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்டுக்காரர அனுப்புங்கம்மா. என்னா சாமான்னு கேட்டுக் குடுக்கறேன்."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலைங்க. பாயிண்ட் ஒன்னு கண்டென்சர், நானூறு வோல்ட் தாங்கறது ரெண்டு குடுங்க. கழட்டிப் போட்டது வேணாம், புதுசா இருக்கணும்."

சிரித்துவிட்டார். புதுசாகவே கொடுத்தார்.

இரண்டு பக்கமும் மாற்றிச் சால்டர் வைத்தேன். அப்பாவின் நாதஸ்வரத்தை வெகுநேரம் ஓடவிட்டுச் செட்டு நன்றாகச் சூடானதும், மல்லிகாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். அந்த மூன்றாவது பாட்டைத்தான் போட்டேன்.

மேல் ஸ்தாயி வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா... இது நானா?"

"நீதான்டீ. போன ஞாயித்துக்கிழமையும் நீதான்."

அப்பா எழுந்து போய் மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வந்தார்.

அந்தத் தடவை அவள் தேர்வாகவில்லை. தாளத்தில் ஒரு இடத்தில் தடுமாறிவிட்டாளாம். ஆனால் பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். "குரலைப் பத்தி யாரும் ஒரு கொறையும் சொல்லலக்கா!" அடுத்த முறை போனாள், தேர்வானாள். அப்புறம் பல வருஷம் வானொலியில் பாடினாள்.

போன மாதம் என் மகனுடைய சின்ன ஸ்பீக்கரில் சத்தம் பிசிறடித்தது. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

"வுடும்மா, வேற ஆர்டர் போட்டுட்டேன்" என்றான்.

சாயங்காலமே புதுசு வந்துவிட்டது. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழையது இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது... என்ன கெட்டுப்போனது என்று தெரியாமலே ஒன்றைத் தூக்கிப் போடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.