பிரேமினி உட்கார மறுத்த வருஷம்

ஆறு வயதுக்குள் மூன்று தடவை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய பெருமை ஆத்தடித் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் பிரேமினி. முதல் தடவை கேட் வழியாகப் போனாள். கேட்டைப் பூட்டினார்கள், அடுத்த தடவை ஜன்னல் வழியாகப் போனாள். மூன்றாவது தடவை எந்த வழியாகப் போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டீச்சர் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பியபோது அவள் உட்கார்ந்திருந்த வாங்கு காலியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, மூன்று கிலோமீற்றர் தள்ளி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, பசிக்குது" என்றாள்.

மறுநாள் அதிபர் சிவசாமி அவளுடைய அம்மா சுதர்ஷினியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது பயம்தான்.

"இந்தப் புள்ள மலையில உருண்டு விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றதும்மா? இந்த வருஷம் நீங்களே வீட்டுல வச்சு சொல்லிக் குடுங்க. ஜனவரியில கல்விக் காரியாலயத்துல இருந்து ஒரு மிஸ் வருவாங்க. தேதி போட்டுக் கடிதம் வரும். அன்னைக்கு வந்து வாசிச்சுக் காட்டிட்டா ரெண்டாம் ஆண்டு. இல்லாட்டி மறுபடியும் முதலாம் ஆண்டுதான்."

சுதர்ஷினிக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவளும் மூன்றாம் ஆண்டில் ஒரு வருஷம் கூடுதலாக இருந்தவள். வாங்குக்குக் கீழே கால் கொள்ளாமல், தன் தோள் உயரத்துக்கு இருந்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவள். மக்குப் பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை விட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அது மகளுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கொழுந்துக்குப் போவதை நிறுத்தினாள். கணவன் சுதாகரன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவனிடம் சொல்லி ஒரு சின்ன மேசை அடித்து வாங்கினாள். பள்ளிக்கூடத்து நேரசூசியை அப்படியே பார்த்து எழுதிச் சுவரில் ஒட்டினாள். மணி அடிக்க ஒரு டம்ளரும் கரண்டியும். எட்டு மணிக்கு டம்ளர் 'டிங்' என்றால் தமிழ்ப் பாடம். சுதர்ஷினி குனிந்து 'அ' எழுதுவாள். நிமிர்ந்தால் பிள்ளை இருக்காது. கொய்யா மரத்தில் இருக்கும், விறகுக் கொட்டில் கூரையில் இருக்கும், இல்லாவிட்டால் தேயிலைச் செடிகளுக்குள் எங்கேயோ இருந்து பூனை மாதிரி கத்தும்.

"நீ வாத்தியாரா, காவக்காரியா?" என்று சுதாகரன் சிரித்தான்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. "காலைக் கட்டிப் போடு. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றாள்.

ஒரு நாள், பொறுமையெல்லாம் தீர்ந்துபோன ஒரு நாள், சுதர்ஷினி அதையும் செய்தாள். பழைய சால்வையால் மகளின் காலை மேசைக்காலோடு கட்டினாள். பிரேமினி அழவில்லை. மேசையையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். மேசை கதவு நிலையில் இடித்துக் கவிழ்ந்தது. சுதர்ஷினி ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். பிஞ்சுக் கணுக்காலில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அன்றைக்கு அழுதது அம்மாதான்.

"சரி. நீ உக்கார மாட்ட. நான் நடக்க மாட்டேனா? வா" என்றாள், மூக்கைச் சிந்திவிட்டு.

அப்படித்தான் அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் வீட்டை விட்டு வெளியே போனது. தினமும் காலையில் இரண்டு பேரும் நடந்தார்கள். தேயிலை மலைகளின் நம்பர்ப் பலகைகள் கணக்குப் பாடம். பாலத்துக் கட்டை, பஸ் நெற்றி, லொறி முதுகு எல்லாம் தமிழ்ப் பாடம். ரோட்டோரத்தில் பைஸர் நானாவின் கடை. அங்கே சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, தேயிலைப் பக்கற், பிஸ்கற் என்று தட்டு முழுக்க எழுத்து. சுதர்ஷினி ஒவ்வொன்றாகத் தொட்டு வாசிப்பாள். பிரேமினி ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே கேட்பாள்.

"மேல வேற மாதிரி எழுதியிருக்கே, அது என்னம்மா?"

"அது சிங்களம். அது நமக்குத் தெரியாது. நீ நம்ம எழுத்தைப் பாரு."

அம்மாவுக்குத் தெரியாததாகவே கேட்பதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கைராசி இருந்தது. ஒரு மத்தியானம் வளைவில் நின்றுகொண்டு, "பனி கீழ இருந்துதானேம்மா ஏறி வருது?" என்றாள்.

"போடி. பனி வானத்துல இருந்துதான் இறங்கும்."

"இல்ல. மொதல்ல ஆத்தை மூடுது. அப்புறம் கீழ் லயம். அப்புறம் கோயில். அப்புறம்தான் நம்ம வீடு. இறங்குறதா இருந்தா நம்ம வீடுதானே மொதல்ல மறையணும்?"

சுதர்ஷினி நின்று பார்த்தாள். ஆறு மறைந்தது. கீழ் லயத்துத் தகரங்கள் மறைந்தன. கோயில் மணிக்கூண்டு மறைந்தது. வெள்ளைப் பனி படிப்படியாக ஏறி அவர்கள் காலடிக்கு வந்தது. பதினாலு வருஷம் அந்தப் பனிக்குள்ளேயே நின்று கொழுந்து பறித்தவள். ஒரு நாள் கூட அது வரும் வழியைப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை என் வயிற்றில்தானா பிறந்தது என்று நினைத்தாள்.

ஆனால் பனியைப் பற்றி யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. வாசிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பிரேமினி ஜன்னலைப் பார்த்தாள். அதட்டினால் கூரையைப் பார்த்தாள். ரோட்டில் சொல்வதெல்லாம் வாசித்துச் சொல்வதா, கேட்டு மனப்பாடமாகச் சொல்வதா என்று சுதர்ஷினிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டிசம்பர் முடிந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரியும் வந்தது. கடிதத்தைக் காணோம்.

மேற்பிரிவுக்குத் தபால்காரர் ஏறுவதில்லை. லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதக் கட்டை அப்படியே பைஸர் நானா கடையில் போட்டுவிட்டுப் போவார். நானா அதை ஒரு பெரிய பிஸ்கற் டின்னுக்குள் வைப்பார். அவரவர் வந்து கிளறி அவரவருடையதை எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்களத்தில் விலாசம் எழுதிய கடிதங்களை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தவை என்பது மேற்பிரிவு முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். அவை டின்னின் அடியிலேயே கிடக்கும்; மாதம் ஒருமுறை கணக்கப்பிள்ளை வந்து அள்ளிக்கொண்டு போவார். நானாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, ஆனால் பேச்சோடு சரி. எழுத்து வராது.

ஒரு வாரமாக சுதர்ஷினி தினமும் அந்த டின்னைக் கிளறினாள். தமிழ் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினாள்.

அன்று வியாழக்கிழமை. அவள் சீனி வாங்கிக்கொண்டிருந்தாள். பிரேமினி மேசை மேல் ஏறி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, எறங்குடி கீழ!"

"அம்மா, இது அப்பா பேரு."

நீட்டிய உறையில் ஒரு தமிழ் எழுத்துக் கூட இல்லை.

"அது ஆபீசு கடிதாசி. வை அங்க."

"அப்பா பேருதாம்மா." பிரேமினி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். "சு... தா... க... ரன். அப்பாவோட ஐடி கார்டுல மேல இப்படித்தான் இருக்கு. கீழ நம்ம எழுத்துல இருக்கு. 'சு' சுருட்டுப் பக்கற்ல இருக்கு. 'க' வந்து கடலைப் பக்கற்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"யாரும் இல்ல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டும் ஒரே பேருதானே? நானே பொருத்திப் பாத்தேன்."

பைஸர் நானா சீனி நிறுத்த கையை அப்படியே வைத்திருந்தார். "அல்லாஹ்வே" என்றார் மெதுவாக. "தங்கச்சி, ஒடைச்சுப் பாருங்க."

சுதர்ஷினி உறையைக் கிழித்தாள். உள்ளே இருந்த படிவம் இரண்டு மொழியிலும் அச்சாகியிருந்தது. மாணவி பெயர், பாடசாலை பெயர், கீழே பேனாவால் எழுதிய தேதி. எட்டாம் தேதி, காலை பத்து மணி. சுதர்ஷினி சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். எட்டாம் தேதி. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால்.

சீனி மேசையிலேயே இருந்தது. அம்மாவும் மகளும் ஓடினார்கள்.

மூன்று கிலோமீற்றரும் பிரேமினிதான் முன்னால் போனாள். குறுக்குப் பாதையெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. அந்த வழியில்தானே மூன்று தடவை தப்பி வந்திருக்கிறாள். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, காலெல்லாம் சேறும் தலையெல்லாம் தேயிலைப் பூவுமாக அதிபர் அறை வாசலில் போய் நின்றார்கள்.

காரியாலயத்து மிஸ் நல்ல மாதிரியானவர். கதிரையைக் காட்டி, "உக்காருங்க செல்லம்" என்றார். புத்தகத்தைத் திறந்து வைத்தார். "இதை வாசிங்க பாப்போம்."

பிரேமினி ஜன்னலைப் பார்த்தாள். காலை ஆட்டினாள். கதிரையில் இருந்து வழுகி இறங்கினாள். மறுபடியும் ஏற்றி உட்கார வைத்தார்கள், மறுபடியும் இறங்கினாள். மிஸ் பெருமூச்சு விட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

சுதர்ஷினி ஓரடி முன்னால் வந்தாள். பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள். ஆனால் அந்தப் பேனா காகிதத்தில் பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இவ நடந்துகிட்டுத்தான் வாசிப்பா. நாங்க அப்படித்தான் படிச்சோம். கொஞ்சம் நடக்க விடுங்க."

மிஸ் அதிபரைப் பார்த்தார். சிவசாமி சேர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

கட்டியிருந்த கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி பிரேமினி புறப்பட்டாள். "அதிபர் அறை! குடிநீர்! கை கழுவுக! சைக்கிள்கள் நிறுத்தக் கூடாது!" அறிவித்தல் பலகையில் இருந்த ஆசிரியர்களின் பெயரெல்லாம் வாசித்தாள். "சத்தம் போடாதீர்கள்!" என்பதை நாலு வகுப்பறைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். தீயணைக்கும் வாளிக்கு மேலே சிங்களத்தில் இருந்ததையும் எழுத்துக் கூட்டி இழுத்தாள். அர்த்தம் தெரியவில்லை, எழுத்து ஒன்றும் தப்பவில்லை. மிஸ் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருடைய பேனா எங்கேயோ விழுந்திருந்தது. சிவசாமி சேருக்கு மூச்சு வாங்கியது.

"இதை யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார் மிஸ்.

"தெரியல மிஸ்" என்றாள் சுதர்ஷினி. பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்ததை மட்டும்தான் அவள் சொல்லிக் கொடுத்தாள். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவளும் வாய் பிளந்துதான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ரெண்டாம் ஆண்டு வகுப்பு வாசலுக்கு வந்தார்கள். கதவில் புது வருஷத்துப் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. இருபத்தொரு பெயர். பிரேமினி மளமளவென்று வாசித்தாள். "திலக்ஷன்... இவன் தொட்டாலே அழுவான்..." கடைசிப் பெயருக்கு வந்தாள். மறுபடியும் மேலே போய், இந்தத் தடவை விரல் வைத்து, மெதுவாக ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இறங்கினாள். விரல் காகிதத்தின் அடியில் போய் நின்றது. அவளும் நின்றாள். கால் ஆடவில்லை, கண் அலையவில்லை.

"என் பேரு இல்ல" என்றாள், காற்றாகப் போன குரலில்.

சுதர்ஷினி மகளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஓடி வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காது என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தாள். அந்தக் காகிதத்தில் இடம் வேண்டும் என்று இவளும் ஏங்கியிருக்கிறாள் என்பது பெற்ற தாய்க்கே தெரியாமல் போயிருந்தது.

சிவசாமி சேர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் தலையசைத்தார். அதிபர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மண்டியிட்டு, கடைசி வரிக்குக் கீழே இருபத்திரண்டு என்று போட்டுப் பெயரை எழுதினார்.

பிரேமினி அதைப் பார்த்தாள். நம்பிக்கை வராதவள் போல அவர் முகத்தையும் பார்த்தாள்.

"நீங்க வாசிங்க சேர்" என்றாள். "சத்தமா வாசிங்க."

சிவசாமி சேர் வாசித்தார்.