ஊசியைப் பற்றி ஒரு வரி

என் கணவர் ஐசக், கதைகளில் ஆட்களைக் கொன்று பெயர் வாங்கியவர். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. மேற்குத் தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் துப்பறியும் தொடர் எழுதுவார். வாரத்துக்கு ஒரு பிணமாவது விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. “ஞானஸ்நானம் எடுத்த மனுஷன் எழுதற எழுத்தாம்மா இது?” என்று சபை மூப்பர் ஒருவர் என்னைப் பிடித்துக் கேட்டார். எழுதுவது அவர், பதில் சொல்வது நானா? அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு இருமலில் இரத்தம் வந்தது. சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்கிற கூட்டத்தில் இவரும் ஒருவர். கடைசியில் அதே ஸ்டேஷனில் கைக்குட்டையோடு இறங்கி, காசநோய் வார்டில் படுத்தார். ஊசி, மாத்திரை, எதில் கரைத்துக் கொடுத்தாலும் குமட்டுகிற ஒரு பொடி. ஆறேழு மாதத்தில் உடம்பு தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “இன்னும் ஒரு வருஷம் மாத்திரையை விடவே கூடாது. நல்லாயிட்ட மாதிரி இருக்கும். ஏமாந்துடாதீங்க.”

வீட்டுக்கு வந்தவர் வேறு மனிதராக இருந்தார். மேஜையில் உட்கார்ந்தால் பழைய தொடர் ஓடவில்லை. “பக்கத்துக் கட்டில்ல நெஜமாவே ஆள் போறதைப் பார்த்துட்டேன் மெட்டில்டா. இனிமே விளையாட்டுக்குக் கொல்ல வராது” என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரை நான் அத்தனை நேசித்தது அன்றைக்குத்தான்.

டிசம்பரில் சபைப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். முடிகிற வருஷத்துக்கு நன்றி சொல்லும் கட்டுரை. ஜன்னல் வழியே தெரிந்த வேப்பமரம், விடியற்காலை ஜெபம், நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய அந்த நாள். படித்துவிட்டு அழுதேன். இரண்டாம் தரம் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

“ஊசியைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”

“ஜெபத்திலேர்ந்து நேரா சுகத்துக்குப் போகணும். நடுவுல பொடியையும் ஊசியையும் போட்டா படிக்கிறவனுக்கு மனசு கலைஞ்சுடும்” என்றார்.

துப்பறியும் கதை எழுதிப் பழகிய கை அல்லவா? எதை மறைத்தால் கதை நிமிர்ந்து நிற்கும் என்று அதற்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சோறு அமிர்தம் என்று ஊர் மெச்சியது.

எங்கள் சபையில் வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் ஸ்தோத்திர ஆராதனை நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து, அந்த வருஷம் பெற்ற நன்மைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். இவர் எழுந்து கட்டுரையில் இருந்ததை அப்படியே சொன்னார். பூரண சுகம் என்றார். அதன்பின் குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி என்று சாட்சி சொல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பூரண சுகம் என்று ஊர் ஊராகச் சொன்னவர், சானடோரியத்தில் மாத்திரை வாங்கும் வரிசையில் எந்த முகத்தோடு போய் நிற்பார்? போவதை நிறுத்திவிட்டார். நானே போய் வாங்கி வந்த மாத்திரைகள் கிணற்றடிச் சேற்றில் கிடந்தன. சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். எனக்குத்தான் விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த செப்டம்பரில் தபீதாள் வந்தாள். இரும்புலியூர்க்காரி, வயது இருபத்தைந்து இருக்கும். புருஷன் எலியேசர் கல் உடைக்கிறவன். முந்தானையில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வந்து ஐசக்கின் முன்னால் வைத்தாள்.

“எனக்கும் உங்க வியாதிதாண்ணா. நீங்க எழுதினத எங்க வூட்டுக்காரரு படிச்சிக் காட்டினாரு. அன்னிலேர்ந்து பயமே இல்ல. ஊசிக்குப் போவறத நிறுத்தி நாலு மாசம் ஆவுது. ஜெபம்தான். நல்லாத்தான் கீறேன்.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அந்த இருமலை நான் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

ஐசக்கின் முகம் வெளுத்துவிட்டது. “நாளைக்கே போய் ஊசி போட்டுக்கோம்மா” என்றார்.

அவள் சிரித்தாள். “என் விசுவாசத்தைச் சோதிக்கிறீங்களாண்ணா?”

நானும் ஊசி போட்டுக்கொண்டவன்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. நான் சொன்னேன். இருக்கிறதை எல்லாம் கொட்டினேன். சாட்சி சொன்ன மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பெண்டாட்டி பேச்சு எங்கே எடுபடும்? “அக்கா பயப்படறாங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“இந்த வருஷக் கட்டுரையில எழுதிடறேன்” என்றார்.

“டிசம்பர் வரைக்கும் அவ நெஞ்சு காத்துக்கிட்டு இருக்குமா?” என்று கேட்டேன். அவருக்கே இருமல் வந்தது. ஒரு வாரமாக அதை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார், எனக்குக் காது இல்லை என்ற நினைப்பில்.

அந்தக் கட்டுரையை எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். வாரம் தவறாமல் பிணம் விழவைத்தவருக்கு ஒரு ஊசியை எழுத வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலம் தொடங்கியபோது திரும்ப இரத்தம் கண்டது. அதன்பிறகுதான் வரிசையில் போய் நின்றார். அதே டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “பாதியில நிறுத்தினா பழைய மருந்து திரும்பக் கேக்கறது கஷ்டம். போட்டுப் பார்ப்போம்” என்றார். கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆனால் வருஷக் கடைசி ஆராதனையில் எழுந்து நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். “எனக்கு வியாதி திரும்ப வந்திருக்கு. போன தடவை சுகமானது ஜெபத்தோட ஊசியும் மாத்திரையும் சேர்ந்து. அழகுக்காக அதை விட்டுட்டேன். அந்தப் பொய்யை நானே நம்பி மருந்தை நிறுத்தினேன். என்னைப் பார்த்து யாராவது நிறுத்தியிருந்தா, தயவுசெய்து நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். ஆமென் சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு பெருமை. இனி அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வெளியே தபீதாள் எலியேசரின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சுட்டது.

“அழாதீங்கக்கா. அண்ணனுக்கு நடுவுல விசுவாசம் தளர்ந்துபோச்சி, அதான் வியாதி திரும்பிக்கிச்சி. என் பயத்தைப் போக்கினவரு அவரு. அந்த நன்றிக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி? அவருக்கு சுகம் வர்ற வரைக்கும் நாளையிலேர்ந்து உபவாசம் கீறேன். வெறும் தண்ணிதான்.”

“வேணாம் தாயி, நீ சாப்பிடு. ஊசி போட்டுக்கோ, சாப்பிடு” என்றார் ஐசக். கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எலியேசர் பதறிப்போய் அவரைத் தூக்கினான்.

“பார்த்தீங்களாக்கா, எவ்ளோ தளர்ந்துட்டாரு” என்றாள் அவள் மெதுவாக. “தண்ணியும் வேணாம்.”