ராஜா மீசைக்கு ஐம்பத்தெட்டு

மல்லசமுத்திரம் பக்கம் தண்ணீருக்குப் போர் போட நினைக்கிறவர்கள், துளை போடும் ரிக் வண்டிக்குச் சொல்வதற்கு முன்னால் அர்த்தநாரிக்குச் சொல்வார்கள். அவர் வந்து செருப்பைக் கழற்றி வரப்பில் விடுவார். திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பிறகு உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு உழவுக் காட்டுக்குள் மெல்ல நடப்பார். ஏதோ ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை நட்டு, "நானூறு அடியில தண்ணிங்க" என்பார். இதற்குப் பாயிண்ட் பார்ப்பது என்று பெயர்.

இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. தனக்குப் பேரைக் கொடுத்த மலைச்சாமி தண்ணீரையும் காட்டிக் கொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் காட்டிக் கொடுத்திருக்கிறது. காட்டிக் கொடுக்காத இடங்களைப் பற்றி அர்த்தநாரி பேசுவதில்லை. அந்தக் காட்டுக்காரர்கள்தான் பேசுவார்கள்.

அவருக்குப் பழைய காசு சேர்க்கும் பித்தும் உண்டு. இரும்புப் பெட்டியில் பஞ்சு விரித்துக் காசுகளைப் படுக்க வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை குளித்து விபூதி பூசிக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார். ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து, மூச்சுக்கூடப் படாமல் பார்ப்பார். அவர் மனைவி சௌந்திரம் அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "நானூறு அடிக்குக் கீழ இருக்கற தண்ணி தெரியுது, நாலடி தூரத்துல பொங்கற பாலு தெரியல."

அந்தப் பெட்டியில் அவருக்குச் செல்லப்பிள்ளை ஒரு வெள்ளி ரூபாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் அடித்தது, ஜார்ஜ் ராஜா தலை போட்டது. திருச்செங்கோட்டில் ஒரு நகைக்கடைக்காரர் உருக்கப் போன நேரத்தில் இவர் பார்த்து வாங்கி வந்தார். ராஜாவின் மீசை முடி முடியாகத் தெரியும். டீக்கடையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அர்த்தநாரி சொல்வார்: "இது ஒரு மனுசங்கை புழங்காத காசுங்க. அச்சுல இருந்து உழுந்தது உழுந்தாப்பல இருக்குது."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் பேச்சு வாக்கில், "இதுல என்ற கண்ணு தப்புச்சுன்னா அப்பறம் என்ற தேங்காயையும் நம்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். டீக்கடை என்பது சொன்னதை மறக்கிற இடம் இல்லை.

சேலத்தில் பழைய காசு விற்கும் ஜெயபிரகாஷ்தான் வழி சொன்னான். வடக்கே ஒரு கம்பெனி இருக்கிறது; காசைப் பார்த்து மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி அனுப்பிவிடுவார்கள்; அதற்குப் பிறகு யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. அர்த்தநாரி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து ஜெயபிரகாஷ் கடைக்குப் பெட்டி வந்தது. அதன் தலையில் ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

"பரவாயில்ல, பாசுதான்" என்றார் அர்த்தநாரி.

"இல்லீங்கண்ணா. எழுபதுக்குப் போடற மார்க் இது. அறுபதோ அதுக்கு மேலயோ வந்தாத்தான் புழங்காத காசு. இது புழங்கின காசுன்னு சொல்றாங்க. மீசையில லேசா தேய்மானம் இருக்குதாம்."

"எழுவதுக்கா? ஏன், நூத்துக்குப் போட்டா அவியளுக்கு என்ன?"

"அது வெளிநாட்டுக்காரங்க வெச்ச கணக்குங்கண்ணா."

"செரி, மீசை தேஞ்சுதுன்னு எதை வெச்சு அளந்தாங்க?"

"அளக்கறதெல்லாம் இல்லீங்க. ரெண்டு மூணு பேரு லைட்டுக்குக் கீழ வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. பாத்த பழக்கத்துல ஒரு நம்பர் சொல்லுவாங்க."

அர்த்தநாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "கருவி இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டு மனசுக்குப் பட்டதைச் சொல்றதா? அதை நம்பி உலகமே காசு வாங்குதா? இது என்ன பொழப்பு?"

ஜெயபிரகாஷ் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். தேங்காயோடு நடக்கிறவர் முகத்தை அந்த நேரத்தில் நேராகப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்திருப்பான்.

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அந்த வாரமே இரண்டு பேர், "நாமக்கல்லுல இருந்து மிஷின் வெச்சுப் பாக்கறவர வரச் சொல்லிருக்கறமுங்க" என்று போன் செய்தார்கள். மிச்சம் இருந்தது தங்கசாமி ஒருவர்தான். அவருடைய இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காய்ந்துகொண்டிருந்தது. முன்பு வேறொருவர் பாயிண்டில் போட்ட போரில் தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகை மட்டும் வந்தது. இந்த முறை அர்த்தநாரி பார்த்துக் கல் நட்டிருந்தார். வண்டிக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. தங்கசாமியும் கைவிட்டுவிட்டால் இருபத்தாறு வருஷத்துப் பேர் போய்விடும்.

ஜெயபிரகாஷ் மறுபடியும் ஒரு வழி சொன்னான்: பெட்டியை உடைத்துக் காசை எடுத்துத் திரும்ப அனுப்புவது. நிறையப் பேர் செய்கிறதுதானாம். அர்த்தநாரி உடைத்தார், அனுப்பினார். கூடவே மலைச்சாமியிடம் ஒரு வேண்டுதலும் வைத்தார்: எத்தனை மார்க் வருகிறதோ அத்தனை தேங்காய் உடைப்பது.

"நல்லவேளை எழுபதோட நிறுத்திட்டாங்க. நூத்துக்குன்னா தோப்பையில்ல வாங்கோணும்" என்றாள் சௌந்திரம்.

இந்த முறை அறுபத்திரண்டு வந்தது. அர்த்தநாரி அன்றைக்கே மலையேறி அறுபத்திரண்டு தேங்காயும் உடைத்துவிட்டு, நேராக டீக்கடைக்கு வந்து பெட்டியைத் தங்கசாமி முன்னால் வைத்தார்.

தங்கசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது வேற கம்பெனிங்களாண்ணா?"

"அதே கம்பெனிதான்."

"வேற காசுங்களா?"

"அதே காசுதான். மொதல்ல தப்பாப் பாத்துட்டாங்க. இப்பச் செரியாப் பாத்திருக்கறாங்க."

"இப்பப் பாத்ததுதான் செரின்னு எப்படிங்கண்ணா தெரியும்?"

அர்த்தநாரி டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"செரி உடுங்க. காசை ரெண்டாந்தரம் பாத்தாப்பல என்ற காட்டையும் ரெண்டாந்தரம் பாத்துருங்கோ. ரெண்டும் ஒரே எடத்துல வந்துட்டா நாளைக்கே வண்டிக்குச் சொல்லிப்போடறேன்." தங்கசாமி அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத மரியாதை அது.

மறுநாள் காலையில் அர்த்தநாரி போனபோது கல் இருந்த அடையாளமே இல்லை. தங்கசாமி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தப் பக்கம் முழுக்க உழுதுவிட்டிருந்தார். கல் இருந்த இடத்தை மட்டும் வேலிக்காலில் இருந்து கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

அர்த்தநாரி கும்பிட்டுவிட்டு நடந்தார். கண் தானாக வேலிக்காலைப் பார்த்தது. 'கல்லுக்கு நேரா ஒரு கருவேல மரம் இருந்துதே, இதுவா, அதுவா?' என்று மனம் கணக்குப் போட்டது. தண்ணீர் எங்கே என்ற நினைப்பு போய், கல் எங்கே இருந்தது என்ற நினைப்புதான் கையில் இருந்தது. தேங்காய் எழுந்தது. அவர் நின்றார்.

தங்கசாமி கயிற்றை இழுத்துப் பிடித்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே அடிபோட்டு எண்ணினார்.

"பதினோரு அடி தள்ளி நிக்கறீங்கண்ணா."

இதற்குப் பாயிண்ட்காரர்களிடம் ஒரு பதில் உண்டு. நீரோட்டம் அகலமாகப் போகிறது, இரண்டு இடமும் அதன் மேல்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அர்த்தநாரியே பத்து இடத்தில் சொன்னதுதான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கோ வடக்கே, விளக்கடியில் குனிந்து அவருடைய காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகம் தெரியாத ஆட்கள் ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை என்னென்ன பேசினோம் என்பதும் வந்தது.

"மொதல்ல கல்லு நட்ட எடத்துலயே போடுங்க தங்கசாமி" என்றார்.

"ஏனுங்க?"

"அன்னைக்கு எனக்குத் தண்ணி கெடச்சாப் போதும்னு இருந்துச்சு. இன்னைக்கு என்ற பேரும் கெடைக்கோணும்னு இருந்துச்சு. ரெண்டும் ஒரே கையில நிக்காதுங்க."

தங்கசாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அப்ப காசு?"

அர்த்தநாரி தேங்காயைத் துண்டில் துடைத்தார். "அம்பத்தெட்டுத்தான். மீசை நுனியில துளியூண்டு வழவழப்பு இருக்குது. வாங்கின அன்னைக்கே பாத்தேன். அதைப் பாக்கக் கூடாதுன்னு பாக்காம இருந்துட்டேன்."

"அறுவத்திரண்டு தேங்கா ஒடச்சுட்டு வந்தீங்களே."

"நாலு தேங்கா சாமிக்கு அதிகந்தான் போயிருச்சு. திருப்பிக் கேக்கவா முடியும்?"

தங்கசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து ரிக் வண்டிக்குச் சொன்னார். இரண்டு தரமும் ஒரே இடத்தில் வந்திருந்தால்கூட அவர் ஒருவேளை இன்னும் யோசித்திருப்பார்.

புதன்கிழமை காலையில் வண்டி வந்தது. முந்நூறு அடிவரை வெறும் புகை. தங்கசாமி எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். அர்த்தநாரி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நானூறு தாண்டியும் புகைதான். நானூற்று அறுபதில் புகை கருத்து, சேறாகி, பிறகு தண்ணீர் அடித்துக்கொண்டு மேலே வந்தது.

"ஒண்ணரை இஞ்ச் தண்ணி வருதுங்க" என்றான் வண்டிக்காரன் மணிமாறன், பாய்வதைக் கண்ணாலேயே அளந்து.

"நல்லாப் பாருப்பா. ரெண்டு இஞ்சுக்குக் கொறையாது" என்றார் தங்கசாமி.

"இத்தனை வருசமா பாக்கறமுங்க, ஒண்ணரைதான்."

இருவரும் அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வாய் குடித்தார். "இனிப்பா இருக்குது" என்றார்.

தங்கசாமி சேறு வழியும் சட்டையோடு ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் பேச்சில் அதற்குள் அது இரண்டரை இஞ்ச் ஆகியிருந்தது.