ரெக்கார்டில் இல்லாத புரோகிராம்

பரீட்சைக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு தனித்தேர்வில் பத்தாவது பாஸ் செய்து, இருபத்திரண்டு வயதில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தேன். டிப்ளமாவில் நல்ல மார்க் இருந்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அதுவும் காரைக்குடியிலேயே கிடைக்க வேண்டும். பக்கத்து நாச்சியாபுரத்தில் அம்மா தனி. சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்று வகுப்பில்கூட நினைத்துக்கொண்டிருப்பேன்.

லேபில் கம்ப்யூட்டர்களுக்கு உறை போட்டே வைத்திருப்பார்கள். தொட்டால் கெட்டுவிடுமாம். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் புரோகிராமை எழுதி, வாய்ப்பாடு மாதிரி உருப்போட வேண்டும். அவ்வளவுதான் படிப்பு.

கடைசி செய்முறைத் தேர்வில் எனக்கு எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் வந்தது. பாதியில் மறந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் நானே யோசித்து எழுதினேன். எந்த எண்களைக் கொடுத்தாலும் சரியாக வரிசைப்படுத்தியது.

லேப் சார் பின்னால் வந்து நின்றார். “ரெக்கார்டுல இப்புடி இல்லையே?”

சரியாக வருகிறது சார் என்றேன்.

“வந்தா? வெளியில இருந்து வந்திருக்கிற எக்ஸாமினரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பள்ளிக்கூடத்துக்கே பயந்த ஆளு, நீ எனக்குப் புதுசாக் காட்டுறியாக்கும். அழிச்சிட்டு உள்ளத அடி.”

அழிக்கவில்லை. துணிச்சலால் அல்ல, அழித்தால் பழையது ஞாபகம் வராதே என்ற பயம்தான்.

பக்கத்து சீட்டில் இருந்த எங்கள் ஊர்த் தம்பிக்கும் அதே புரோகிராம். உருப்போட்டதை எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தான். எரர் காட்டியது. ரெக்கார்டிலேயே ஒரு வரி தப்பு. எத்தனை வருஷமாகப் பார்த்தெழுதி வந்த தப்போ, உறையைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்! சார் ரெக்கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார்.

அவனுக்கு முழு மார்க். நான் ஒட்டிப் பாஸ். அந்த மார்க்கால் அவனுக்குக் காரைக்குடி கிடைத்தது, எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஹாஸ்டல்.

போன வாரம் போன் செய்தான். “அண்ணே, இங்க சொந்தமா எழுதச் சொல்றாக. அன்னைக்கு நீங்க அடிச்சீகள்ல, அத அனுப்புறீகளா?”

வசவு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் இல்லாத ஊரில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பவன் அவன்தான். அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அந்த லேப் சாரை ஹாஸ்டல் சுவர் கேட்கத் திட்டினேன். இன்னும் தீரவில்லை.