யாரும் வராத படம்

எங்கள் குடும்பத்தில் ஒரு படத்துக்காக இரண்டு மாதம் சண்டை நடந்தது. ஒரு பக்கம் குடும்பம் மொத்தமும், மறுபக்கம் பெரியம்மா மட்டும். மாமாதான் எதிரணித் தலைவர். எந்தப் படத்தையும் இடைவேளை வரை பார்த்துவிட்டு முழுப் படத்துக்கும் தீர்ப்பு சொல்லும் திறமை அவருக்கு உண்டு. விமர்சகர்களும் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கதையே இல்லை, வெறும் இழுவை என்று வந்ததையெல்லாம் மாமா தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிப்பார்.

வெளியூர் போன மகனுக்காக ஒரு தாய் தினமும் சோறாக்கி வைத்துக் காத்திருப்பாள். அவன் வரமாட்டான். அதுதான் படம்.

"ஒருத்தனும் வராத வீட்ட ரெண்டு மணி நேரம் காட்டுறான்க்கா. இது ஒரு படமா லா?" என்றார் மாமா.

பெரியம்மா ரசம் ஊற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "ஒருத்தனும் வரலன்னு யாருடா சொன்னது?"

மாமா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அதற்கு முந்தின வருடம்தான் பெரியம்மாவின் ஒரே மகன், நான் அண்ணன் என்று கூப்பிட்டவன், பிறை என்ற ஊரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி இறந்திருந்தான். பெரியம்மா அந்தப் படத்தை அதற்குள் நான்கு முறை பார்த்திருந்தார். மாமாவின் கேலியில் பாதி, அக்காவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் என்பது பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் காட்சி என்று அறிவித்த ஞாயிறு மதியம், பெரியம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகையில் எங்களைத் தவிர யாருமில்லை. குளிரில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். மாமா சொன்னது சரிதான், படம் நகரவே இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

திரையில் அந்தத் தாய் நமக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சமையலறை வாசலில் ஒரு நீலத் திரைச்சீலை தொங்கியது. தரையைத் தொடாத அந்தச் சீலைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு காலில் காலுறை இருந்தது, மற்றது வெறுங்கால்.

அண்ணன் அப்படித்தான் வருவான். பசி அவசரத்தில் சப்பாத்தைக் கழற்றி, ஒரு காலுறையை உருவி, மற்றதோடு நேராகச் சமையலறைக்குள் நுழைந்து பெரியம்மாவிடம் திட்டு வாங்குவான்.

"பாத்தியா?" என்று காதருகே கேட்டார் பெரியம்மா. நான் தலையாட்டினேன். படம் முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். மாமா என்னை மேசையருகே நிறுத்தி, "நீயே சொல்லு. யாராச்சும் வந்தாங்களா?" என்றார். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. பெரியம்மா மட்டும் சிரித்தபடி நின்றார். சொன்னால் சிரிப்பார்கள் என்று பயமாக இருந்தது. சிரிக்காமல் நம்பிவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

"யாரும் வரல" என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டு என் தலையைத் தடவினார். அன்று மாலை எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. பெரியம்மா அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. பெரியம்மாவுக்கே நல்லது செய்துவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் அந்தப் படம் கைப்பேசியில் கிடைத்தது. நீலத் திரைச்சீலை வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சீலைக்குக் கீழே சிமெண்டுத் தரை மட்டும்தான் இருந்தது.

ஆனாலும் அலுவலகத்தில் யாராவது அதை மொக்கைப் படம் என்றால் நான் சண்டைக்குப் போகிறேன். அதில் ஒருவன் வருகிறான், சரியாகப் பாருங்கள் என்கிறேன். அன்று அந்த மேசையில் பெரியம்மா என்னிடம் எதிர்பார்த்தது படத்துக்கு ஒரு நல்ல வார்த்தை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது, அண்ணன் வந்தான் என்று சொல்ல இன்னொரு ஆள்.