அம்மாவின் நீல மோட்டார்

எரிந்த எண்ணெயின் இனிப்பும் காரமும் கலந்த அந்தப் புகை வாசனை எங்கேயாவது சாலையோரத்தில் மூக்கில் பட்டுவிட்டால் போதும், நாற்பதைத் தாண்டியவள் என்பதையும் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து, பத்து வயதுப் பெண்ணாக அப்படியே நின்றுவிடுகிறேன். பழைய 'டூ ஸ்ட்ரோக்' மோட்டார்கள் விட்ட வெள்ளைப் புகை அது. மலேசியாவில், எங்கள் ஜொகூர் மாநிலத்தில் 'மோட்டார்' என்றால் மோட்டார்சைக்கிள்தான். தண்ணீர் இறைப்பது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பத்து பாகாட் என்ற எங்கள் ஊரில் துணி ஆலையொன்றில் அம்மா தையல் வேலை பார்த்துவந்தார். போய்வர ஒரு 'கப்சாய்' வைத்திருந்தார். கையில் கிளட்ச் இல்லாமல், காலால் கியரை மிதித்தாலே ஓடுகிற, மீன் விற்பவரிலிருந்து பள்ளி ஆசிரியைவரை எல்லாரும் ஓட்டுகிற சின்ன மோட்டாருக்கு இந்த நாடு முழுக்க அதுதான் பெயர். எங்களுடையது கிழடு தட்டிப்போய், மழை நாளில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அம்மா முதலில் அதனிடம் கெஞ்சுவார், பிறகு திட்டுவார், கடைசியில் தள்ளிக்கொண்டே போவார். அதை மாற்றியாக வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டாவது பேச்சு இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சீனரின் மோட்டார் கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னே, பெட்ரோல் தொட்டி முன்னால் புடைத்து, இருக்கை நீண்டு, கைப்பிடியில் நிஜமான கிளட்சோடு ஒரு பெரிய மோட்டார் நின்றது. சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அம்மா அந்தத் தெருவைத்தான் குறுக்குவழி என்பார். உண்மையில் அது நல்ல சுற்றுவழி. கடை முதலாளியான அந்தத் 'தவுக்கே' ஒருநாள் சிரித்துக்கொண்டே ஏறி உட்காரச் சொன்னார். அம்மா கீரைக்கட்டையும் மீன் பையையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். இறங்கத்தான் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மீன் கெட்டுப்போயிருந்தது, அம்மாவோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆலைத் தோழிகளோடு மாதாமாதம் கட்டிவந்த 'கூட்டு'ச் சீட்டு அந்த ஆண்டு அம்மாவின் முறைக்கு வந்தது. கைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பணத்தில் ஆளாளுக்கு ஒரு பங்கு கேட்டார்கள். சமையலறையின் தகரக் கூரை ஒழுகியது; மழை பிடித்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அரிசி டின்னின் மேல் ஒரு தட்டு. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கூரைக்குத் தகரம் எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் தீர்ப்பும் சொன்னார்.

"முதல்ல கூரையப் போடு. மிச்சத்துல இன்னொரு கப்சாய் வாங்கிக்க. பொம்பளைக்கு அது போதும்லா."

அப்பாவின் மறுப்பு வேறு வகை. அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். மோட்டாரில் போகிறவர்கள் எப்படியெல்லாம் விழுகிறார்கள் என்று தினமும் உயரத்திலிருந்து பார்ப்பவர். இரண்டு சக்கரத்தில் பின்னால் உட்காரச் சொன்னால்கூட உட்கார மாட்டார். கிழட்டுக் கப்சாய் வேகமாகப் போகாது என்பதுதான் அவருக்கு அதுவரை இருந்த நிம்மதி. வேகம் எவ்வளவு போகும், விழுந்தால் தூக்க முடியுமா என்று அவர் கேட்டார். எண்ணெய் எவ்வளவு குடிக்கும், ஆலையில் மற்ற பெண்கள் என்ன சொல்வார்கள் என்று மாமா கேட்டார். அம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றிவிட்டு வந்து நின்றார்.

"இத்தன கேள்வி கேட்டீங்க. என்ன கலருன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

நான்தான், தெரிந்துகொண்டே, "என்ன கலரும்மா?" என்றேன்.

"நீலம்," என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அப்பா தன் கேள்விகளை விட்டுவிட்டார்.

சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல் புது வண்டி வீட்டுக்கு வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் தவுக்கேயின் ஆள் மோட்டாரை நேராகக் கோயிலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். ஐயர் மாலை போட்டு, சந்தனம் வைத்து, இரண்டு டயருக்கும் முன்னால் பழத்தை வைத்தார். அம்மா பஞ்சாபி சூட்டில், தலைக்கவசம் மாட்டி ஏறினார். சாதம் வடிக்கும்போதெல்லாம் இடது கையால் காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டுக் கிளட்ச் பழகியவர் ஆயிற்றே, நான் கவலையே படவில்லை. ஆனால் இத்தனை வருடக் கப்சாய்ப் பழக்கம் காலில் அல்லவா இருந்தது! கை கிளட்சைப் பிடிப்பதற்குள் கால் கியரை மிதித்துவிட்டது. மோட்டார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் உதைத்தார், மறுபடியும் குதித்து நின்றது. பழம் உருண்டு ஓடியது. ஐயர் எடுத்துவந்து வைத்தார். கோயிலுக்கு வந்தவர்கள் சாமியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா முன்னால் வந்தார். "எறங்கு. நான் நசுக்கித் தர்றேன்."

"பழம் என் வண்டிக்கு வெச்சதுண்ணே. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இந்த முறை அம்மா அவசரப்படவில்லை. இடது கையை முழுக்க அழுத்தினார், கியரை மிதித்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பழம் 'சட்'டென்று நசுங்கியது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா நிறுத்தவில்லை. மாலை ஆட ஆட, வெள்ளைப் புகையை எங்கள் எல்லார் முகத்திலும் அடித்துவிட்டு, கோயில் வாசலைத் தாண்டிப் பெரிய சாலைக்கே போய்விட்டார். போன திசையிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வந்தது. அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் சாலைவரை ஓடினார்.

சத்தம் திரும்பி வந்தபோது நான் கைதட்டினேன், ஐயரும் கைதட்டினார். அம்மாவின் கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. அப்பா தன் லாரி மேலங்கியைக் கழற்றி, நம் ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்றுக்குப் போடுவதுபோல முன்பக்கம் பின்னால் வரும்படி அம்மாவுக்கு மாட்டிவிட்டார். பிறகு தவுக்கேயின் ஆளிடம் தலைக்கவசத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மெதுவா போ" என்றார், அவ்வளவுதான். இருவரும் கிளம்பிவிட்டார்கள், என்னையும் மாமாவையும் கோயிலிலேயே மறந்துவிட்டு. வீடுவரை புலம்பிக்கொண்டே நடந்த மாமாதான் அடுத்த ஆண்டு கூரையையும் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடை இப்போது கைத்தொலைபேசி விற்கிறது. துணி ஆலையை மூடிவிட்டார்கள். உதிரிப்பாகம் கிடைக்காமல்போய், நீல மோட்டாரைப் பழைய வண்டி சேர்க்கும் ஒரு பையன் வாங்கிப்போய்விட்டான். சாலையில் அந்தப் புகையும் அநேகமாக இல்லை. நான் இப்போது ஸ்கூடாய் நகரில் இருக்கிறேன். காலையில் காருக்குள் உட்கார்ந்து நெரிசலில் ஊர்கிறேன். துணி துவைக்கும் இயந்திரம் சாகக் கிடக்கிறது, மகள் பல்கலைக்கழகம் போகப்போகிறாள். இந்த நேரத்தில்தானா அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் ஒரு மோட்டார் வந்து நிற்க வேண்டும்? வீட்டில் சொன்னேன். கணவர் காப்புறுதி பற்றிக் கேட்டார், மகள் என் வயதை நினைவுபடுத்தினாள். பத்து பாகாட்டுக்குத் தொலைபேசி போட்டு, எல்லாக் கணக்கையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ன கலரு?"

பச்சை என்றேன். இன்று மாலை சந்தைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டேன்.