முத்தத்தின் மேல் புள்ளிகள்

ஒஸ்லோவில் யூதர்களின் தொழுகைக்கூடத்தை இன்று எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கூட்டி வந்த யோகன், ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். வழிகாட்டும் பெண்மணி நோர்வேஜிய மொழியில் விளக்குவதை எனக்குத் தமிழில் சொல்லி வருகிறார். அவர்கள் வேதத்தில் வரும் ஒரு கதை அது: அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடிய யாக்கோபு பல வருடம் கழித்துத் திரும்புகிறான். அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தமிடுகிறான். வேதச் சுருளில் 'முத்தமிட்டான்' என்ற அந்தச் சொல்லின் மேல் புள்ளிகள் உண்டு. முத்தம் மனதார இட்டதல்ல என்பதற்கு அடையாளம் அவை என்கிறார்கள் சில உரைகாரர்கள். கடிக்கத்தான் போனான் என்றும் ஓர் உரை சொல்கிறதாம்.

யோகன் சட்டென்று மொழிபெயர்ப்பதை நிறுத்துகிறார். முகம் சிவந்துவிட்டது.

"ஏமாத்தினவனை விட்டிட்டு, மன்னிச்சவனையோ சந்தேகப்படுறது? ஊர் வீட்டைக் களவாத் தன்ரை பேருக்கு எழுதின தம்பியை, போன மாசம் பேர்கனுக்குப் போய்க் கட்டிப்பிடிச்சனான். இவர் ஏதோ திட்டத்தோடைதான் வந்தவர் எண்டு எங்கடை சனமே என்னைப் பற்றிக் கதைக்குது."

அதே கோபத்தோடு பெண்மணியிடமும் கேட்கிறார். அவர் சற்று யோசித்துவிட்டு மெதுவாகப் பதில் சொல்கிறார்.

"என்ன சொன்னாங்க?" என்கிறேன்.

"அந்த நேரம் அவன் முழு மனசோடைதான் முத்தமிட்டவன் எண்டு எழுதின உரைகாரரும் இருக்கினமாம்."

யோகனின் குரல் இன்னும் தணியவில்லை.

"அதை முதலே சொல்லியிருக்கலாம்தானே."